தூபம் தரும் மரம்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)

 

பூசையிலே தூபம் காட்டிய பின்னரே தீபம் காட்டுகிறோம். இவற்றின் உட்பொருளை நம் மேடைகளிலே அறிஞர் பலர் விளக்கியிருக்கின்றனர். இன்று நாம் அந்தத் தத்துவத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, தூபத்துக்கு மணம் கொடுத்த மரத்தைப் பற்றிச் சிந்திப்போம். அந்த மரத்தின் கதை நமக்குத் தொலைவானதன்று. அதன் இனத்தைச் சேர்ந்த ஒன்று சப்பிரகமுவைக் காடுகளிலே, நம் ரப்பர் மலைகளுக்கு அப்பால், நின்றுகொண்டிருக்கிறது. அதை வெட்டியவர்களும் கடத்தியவர்களும் பிடிபட்ட செய்திகளைப் பத்திரிகைகளில் அடிக்கடி வாசிக்கிறோம். ஆகவே இந்தப் பேச்சு நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியதும் ஆகும்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். நாம் கொளுத்தும் குச்சிக்கு ஊதுபத்தி என்று பெயர். வாயால் ஊதி அணைப்பதனால் அப்பெயர் வந்தது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கக்கூடும். அஃது அவ்வாறன்று. 'ஊத்' என்பது அரபுச் சொல். மரக்கட்டை என்பது அதன் பொதுப்பொருள். மணக்கும் அகிற்கட்டை என்பது அதன் சிறப்புப்பொருள். அகிற்கட்டையால் ஆன வத்தி ஊதுவத்தி. அதுவே நம் வாயில் ஊதுபத்தி ஆயிற்று. இந்தியாவிலிருந்து வரும் பெட்டிகளிலே அகர்பத்தி என்று அச்சிட்டிருக்கும். அகரு, அகர், அகில் என்பன ஒரே மரத்தைச் சுட்டும் சொற்கள். நம் சிங்களச் சகோதரர்கள் ஹந்துன்கூரு என்கிறார்கள். சந்தனக் குச்சி என்பது அதன் பொருள். இப்படி ஒரே கடையில், ஒரே குச்சிக்கு, மூன்று பெயர்கள் வழங்குகின்றன. மூன்றும் மரத்தின் பெயர்களே. ஆனால் இன்று கடையில் வாங்கும் குச்சிகளிற் பெரும்பாலானவற்றில் அகிலும் இல்லை, சந்தனமும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது, மரம் போய்விட்டது. அது எப்படிப் போயிற்று என்பதே நமது கேள்வி.

அகிலின் இயல்பு விந்தையானது. சந்தன மரம் வளர வளர, அதன் நடுக்கட்டையில் தானாகவே மணம் ஊறுகிறது. அகில் அப்படிப்பட்டதன்று. நோய்நொடி இல்லாத அகில் மரத்தை வெட்டிப் பார்த்தால் வெளிறிய நிறமுடைய, எடையற்ற, மணமே இல்லாத கட்டைதான் கிடைக்கும். அந்த மரத்தில் புழு துளைத்தாலோ, கிளை முறிந்தாலோ, காயம் பட்டாலோ, அந்தக் காயத்தின் வழியே பூஞ்சணம் உள்ளே நுழைகிறது. மரம் தன்னைக் காத்துக்கொள்வதற்காக அந்த இடத்தில் ஒரு பிசினைச் சுரந்து அடைக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பிசின் ஊறிய பகுதி கறுத்துக் கனத்துப் போகிறது. அக்கறுத்த பகுதியே அகிற்கட்டை. சில உயர்ந்த வகைகள் தண்ணீரில் இட்டால் மூழ்கிவிடும். காயம் படாத மரத்தில் அது இல்லை; காயம் பட்ட மரங்களிலும் எல்லாவற்றிலும் இராது. வெளியே நின்று பார்ப்பவனுக்கு எந்த மரத்தில் அது இருக்கிறது என்று எளிதில் தெரியாது. இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதன் பயன் விளங்கும்.

நம் முன்னோர் அகிலை நன்கு அறிந்திருந்தனர். குறிஞ்சி நிலத்தார் தினை விதைப்பதற்காக அகிலையும் சந்தனத்தையும் வெட்டி எரித்ததைச் சங்கப் புலவர்கள் பாடினர். நீராடிய மகளிர் கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டியதையும் பாடினர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்திலே மேற்குமலையின் சந்தனமும் அகிலும் வந்து குவிந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. அந்த மேற்குமலை அகில், வெள்ளகில் என்று இன்றும் அங்கே வழங்கும் வேறொரு மரமாக இருக்கலாம் என்று தாவர நூலார் சிலர் கருதுவர். கடல் கடந்து வந்த கரிய அகில் வேறு. சிலப்பதிகாரத்திலே கீழ்க்காற்றோடு மதுரைக்கு வந்த வாசனைப் பொருள்களுள் அகில் முதலிடம் பெறுகிறது. அவ்விடத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என்று அகிலின் வகைகளைப் பெயர் சொல்லி எண்ணுகிறார். தக்கோலமும் கடாரமும் மலாய்த் தீபகற்பத்துத் துறைமுகங்கள். இராசேந்திர சோழனின் கடற்படை 1025 ஆம் ஆண்டளவில் சென்ற ஊர்கள். துறைமுகத்தின் பெயரே சரக்கின் பெயராக வழங்கிற்று. அக்காலத்து வணிகன் ஒரு துண்டை முகர்ந்து பார்த்தே, அஃது எந்தத் துறையிலிருந்து வந்தது என்று சொல்லியிருப்பான் போலும்.

இதிலே இன்னொரு வேடிக்கையும் உண்டு. போர்த்துக்கேயர் கீழ்த்திசைக்கு வந்தபோது மலையாள, தமிழ்க் கரைகளிலே அகில் என்ற சொல்லைக் கேட்டனர். அது அவர்கள் வாயில் 'ஆகிலா' ஆயிற்று. அவர்கள் மொழியிலே அதனை ஒத்த ஓசை கழுகைக் குறிக்கும். அதனால் ஐரோப்பாவிலே இதற்குக் கழுகு மரம் என்று பெயர் வழங்கலாயிற்று. 1783 ஆம் ஆண்டில் லாமார்க் என்னும் பிரெஞ்சு அறிஞர் இம்மர இனத்துக்கு 'அக்குவிலாரியா' என்று தாவரவியற் பெயர் சூட்டினார். கழுகுக்கும் இந்த மரத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. நம் அகிலே அவ்வாறு வேடம் மாறி அறிவியல் நூலிலே அமர்ந்திருக்கிறது. மாணவ இளைஞர்கள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.

உலகெங்கும் இதன் மதிப்பு எத்தகையது என்பதற்கு யப்பானிய வரலாற்றிலிருந்து ஓர் உதாரணம் போதும். 595 ஆம் ஆண்டில் அவாஜித் தீவின் கரையில் ஒரு கட்டை ஒதுங்கிற்று என்றும், அதை அடுப்பிலே வைத்தவர்கள் மணம் கண்டு அதிசயித்து அரசவைக்குக் கொடுத்தனர் என்றும் அந்நாட்டுப் பழைய வரலாற்று நூல் கூறுகிறது. நாரா நகரத்து அரச கருவூலத்திலே 'ரஞ்சத்தாய்' என்னும் அகிற்கட்டை ஒன்று பல நூற்றாண்டுகளாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1574 ஆம் ஆண்டில் நொபுநாகா என்னும் படைத்தலைவர் அதில் சிறு துண்டு வெட்டி எடுத்தார். 1877 ஆம் ஆண்டில் மெய்ஜிப் பேரரசர் ஒரு துண்டு எடுத்தார். அப்படி வெட்டிய இடங்களிலே, இன்னார் எடுத்தது என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டையிலிருந்து எடுத்ததற்குக்கூடக் கணக்கு உண்டு.

நிற்க, நமது இலங்கைக்கு வருவோம். 6 ஆம் நூற்றாண்டிலே காஸ்மாஸ் என்னும் கிரேக்க மொழி எழுத்தாளர் இத்தீவின் வாணிபத்தைப் பற்றி எழுதினார். கீழ்த்திசையிலிருந்து பட்டும் அகிலும் கிராம்பும் சந்தனமும் இங்கே வந்து, பின்னர் மேற்குத் துறைகளுக்குச் செல்கின்றன என்பது அவர் தந்த செய்தி. அதாவது நம் தீவு அகிலை இறக்குமதி செய்து விற்றது. காலியிலே 1911 ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று கொழும்பு அரும்பொருட்சாலையில் இருக்கிறது. சீனக் கடற்றலைவர் செங் ஹோ கொண்டுவந்த அக்கல் 1409 ஆம் ஆண்டுத் தேதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் அது எழுதப்பட்டிருக்கிறது. சீனப்பகுதி புத்தர்பிரானுக்கும், தமிழ்ப்பகுதி தேவுந்தரையிலே கோயில்கொண்ட தென்னாவர நாயனாருக்கும், பாரசீகப்பகுதி அல்லாவுக்கும் காணிக்கைகளைச் சொல்கின்றன. பொன், வெள்ளி, பட்டு ஆகியவற்றோடு தூபக்கால்களும் வாசனை எண்ணெயும் அக்காணிக்கைகளில் உண்டு. மூன்று மொழியாரும் மூன்று சமயத்தாரும் மணப்பொருளைக் கடவுளுக்குரியது என்று கருதினர் என்பதற்கு அக்கல்லே சான்று. வாய்ப்புள்ள இளைஞர்கள் கொழும்புக்குப் போகும்போது அதனைப் பார்த்துவர வேண்டும்.

இப்பொழுது நாம் கவனிக்க வேண்டிய செய்தி இது: அகிலைக் கடல் கடந்து தருவித்த இந்தத் தீவின் ஈரவலயக் காடுகளிலேயே அகிலின் நெருங்கிய உறவு மரம் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. சிங்களத்திலே அதற்கு 'வல்லபட்ட' என்று பெயர். நம் பத்திரிகைகள் வல்லப்பட்டை என்று எழுதுகின்றன. தாவரவியலார் அதனை 'கைரினாப்ஸ் வல்லா' என்பர். அந்த 'வல்லா' இத்தீவின் சொல்லே. நேராக ஒல்லியாக வளரும் மரம், சிறு மஞ்சட்பூ, உரித்தால் நார்நாராக வரும் உறுதியான பட்டை. கிராமத்தவர் அந்தப் பட்டையைக் கயிறாகத் திரித்தனர். கட்டைக்கு மதிப்பில்லை. மெலிந்த கட்டை, விறகுக்கும் உதவாது என்று விட்டுவிட்டார்கள். 2012 ஆம் ஆண்டளவிலே ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்மரத்தின் கறுத்த கட்டையைச் சோதித்து, அதில் ஊறும் பிசின் அகிற்பிசினை ஒத்தது என்று வெளிப்படுத்தினர். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக வெளியிலிருந்து வாங்கிய பொருள் வீட்டுக் கொல்லையிலே இருந்தது போலாயிற்று.

இது மகிழ்ச்சிக்குரிய செய்தியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நடந்தது வேறு. ஆய்வுக் கட்டுரையை வாசித்தவர்களிலும் அதிகமானோர் கோடரியோடு காட்டுக்குள் புகுந்தனர். கட்டுநாயக்க விமான நிலையத்திலே பயணப் பைகளிலிருந்து வல்லப்பட்டைத் துண்டுகளைச் சுங்க அதிகாரிகள் கைப்பற்றிய செய்திகள் ஆண்டுதோறும் வரத் தொடங்கின. சிங்கராஜ வனம் 1988 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. அதற்குள்ளும் வெட்டு நடந்தது. எந்த மரத்தில் பிசின் இருக்கிறது என்று வெளியே தெரியாது என்று முன்னர்ச் சொன்னோம் அல்லவா? அதனால் வெட்டுகிறவன் ஒன்றில் கிடைக்கும் என்று பலவற்றைச் சாய்க்கிறான். பிசின் இல்லாத மரம் கிடந்து மக்குகிறது. அதன் விதை விழவேண்டிய இடத்திலே வெயில் விழுகிறது.

அகில் இனங்கள் எல்லாவற்றையும், வல்லப்பட்டையின் இனத்தையும் சேர்த்து, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வாணிபம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலே சேர்க்க 2004 ஆம் ஆண்டில் முடிவாயிற்று. இலங்கை 1979 ஆம் ஆண்டிலேயே அந்த உடன்படிக்கையில் இணைந்த நாடு. ஆகவே அனுமதிப் பத்திரம் இல்லாமல் இதனை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். ஒதுக்கப்பட்ட காட்டிலே வெட்டுவதும் குற்றம். "எனக்குத் தெரியாது, கட்டைதானே என்று சுமந்தேன்" என்று சொல்வது நீதிமன்றத்திலே எடுபடாது.

இளைஞர்களே, இங்கேதான் நாம் சற்று வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. மரத்துக்கு விலை கொடுப்பவன் காட்டுக்குள் வருவதில்லை. அவன் நகரத்திலே இருக்கிறான். காட்டு வழி தெரிந்தவனும், கத்தி பிடிக்கத் தெரிந்தவனும், மழை நாளில் வேலையின்றி லயத்திலே முடங்கிக் கிடப்பவனும் அவனுக்குத் தேவை. தோட்டத்துப் பிள்ளையிடம் இம்மூன்றும் இருக்கின்றன. ஒரு நாள் கூலியைப் போலப் பத்து மடங்கு தருவதாகச் சொன்னால் மனம் அசையத்தான் செய்யும்; அசையாது என்று சொல்வது பொய்யாகும். ஆனால் பிடிபடும்போது யார் பிடிபடுகிறான் என்று பாருங்கள். சுமந்தவன் பிடிபடுகிறான். பிணைக்கு நகையை அடகு வைப்பவள் அவன் தாய்.

தமிழ்நாட்டவருக்கு நேர்ந்ததை நாம் மறக்கலாகாது. 2015 ஆம் ஆண்டு ஏப்பிரல் 7 ஆம் தேதி ஆந்திர மாநிலத்துச் சேஷாசலக் காட்டுப் பகுதியிலே, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, பொலிஸ் சிறப்புப் படையினர் 20 பேரைச் சுட்டுக் கொன்றனர். இறந்தவர்கள் அனைவரும் தமிழ்நாட்டு ஏழைக் கூலியாட்கள். பலர் மலைக்கிராமத்தவர். அவர்களை அனுப்பியவன் எவனும் அங்கே விழவில்லை. அவர்கள் செய்தது சரி என்று நாம் சொல்லவில்லை. சுட்டது நியாயம் என்றும் சொல்லவில்லை. மரத்தின் விலை ஏறும்போது மனிதனின் விலை எவ்வளவு இறங்குகிறது என்பதையே சொல்கிறோம்.

சந்தனத்தின் வரலாறும் இதற்கு ஒரு பாடம். மைசூர்ச் சீமையிலே 1792 ஆம் ஆண்டளவில் திப்பு சுல்தான் சந்தன மரம் அரசுக்கே உரியது என்று ஆணையிட்டார். அவருக்குப் பின் வந்த ஆட்சிகளும் அதையே கைக்கொண்டன. முதலாம் உலகப் போரின்போது ஐரோப்பாவுக்குக் கட்டை அனுப்ப வழியில்லாமற் போகவே, மைசூர் அரசு 1916 ஆம் ஆண்டில் தானே எண்ணெய் வடிக்கத் தொடங்கி, சோப்புத் தொழிற்சாலையும் அமைத்தது. அதன் சந்தன சோப்பு நம் வீடுகளுக்கும் வந்தது. அது பெருமைக்குரிய முயற்சியே. ஆனால் உழவனின் நிலத்திலே தானாக முளைத்த சந்தனக் கன்றுகூட அவனுக்குச் சொந்தமில்லை. அதனை யாரேனும் களவாக வெட்டினால் அவனே பதில் சொல்ல வேண்டும். ஆகவே பலர் கன்றைக் கண்டவுடன் பிடுங்கி எறிந்தனர். காவல் மிகுந்த இடத்திலே மரம் குறைந்தது, களவு பெருகியது, சத்தியமங்கலக் காட்டுப் பக்கத்திலே எத்தனையோ காவலர்களும் வனத்துறையினரும் ஊர்மக்களும் மாண்டனர். 1998 ஆம் ஆண்டில் சந்தனம் அழிவை நோக்கும் மரங்களின் பட்டியலில் ஏறிற்று. கர்நாடகம் 2001 ஆம் ஆண்டிலும் தமிழ்நாடு 2002 ஆம் ஆண்டிலும் சட்டத்தைத் திருத்தி, தன் நிலத்துச் சந்தனம் உழவனுக்கே உரியது என்று வைத்தன. அதன் பிறகே மக்கள் மனமுவந்து நட முன்வந்தனர். தனக்கென்று உரிமை இல்லாத மரத்தை மனிதன் காக்க மாட்டான் என்பது இதிலிருந்து தெளிவு.

இந்த இடத்திலே நம் பெரியோர்கள் ஒரு கேள்வி கேட்கக்கூடும். "ஏழு பேர்ச் நிலத்துக்கே எத்தனையோ ஆண்டுகள் காத்திருக்கிற நம்மிடம் மரம் வளர்க்கச் சொல்வதா?" என்பது அது. நியாயமான கேள்விதான். நிலம் இல்லாதவனுக்கு முப்பது ஆண்டு மரத்தைப் பற்றிப் போதிப்பது எளிது. அவன் வேர் ஊன்ற இடம் கொடுப்பதே கடினம். நிலவுரிமைக்கான நம் கோரிக்கையிலே வீடு கட்ட இடம் என்பதோடு மரம் நட இடம் என்பதும் சேர வேண்டும் என்பது எமது எண்ணம். தென்கிழக்காசிய அகில் வகைகளை இந்நாட்டிலே இப்போது கம்பனிகள் வணிகப் பயிராக நடுகின்றன. மரத்திலே துளையிட்டுப் பூஞ்சணம் செலுத்திப் பிசினை வருவிக்கும் முறையும் கையாளப்படுகிறது. வல்லப்பட்டையிலும் அத்தகைய சோதனைகள் செய்திருக்கிறார்கள். நாளை இது பெருந்தொழில் ஆகலாம். அப்போது நாம் அங்கேயும் நாட்கூலிகளாகத்தான் நிற்கப்போகிறோமா என்பதை இன்றே சிந்திக்க வேண்டும்.

சிந்திப்பதற்கு நமக்குத் தகுதி உண்டு. அந்தத் தகுதி எது என்று சொல்லுகிறோம். களனிப் பள்ளத்தாக்கிலே ரப்பர் வந்த வரலாறு உங்களுக்குத் தெரியும். 1876 ஆம் ஆண்டில் பிரேசில் விதையிலிருந்து முளைத்த கன்றுகள் ஹெனரத்கொடத் தோட்டத்துக்கு வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே காடழித்து மலைமலையாக ரப்பர் நட்டார்கள். அழித்த கைகளும் நட்ட கைகளும் நம் பாட்டன் பாட்டிமாருடையவை. அப்போது எரிந்த காட்டிலே எத்தனை வல்லப்பட்டை இருந்தது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

ஆனால் அதே கைகள் ஓர் அரிய வித்தையைக் கற்றன. விடியற்காலையிலே பால் வெட்டும் ஒரு தாயின் கையைப் பாருங்கள். பழைய வெட்டின் மேல் கத்தியை வைத்து, ஒரு மெல்லிய சீவல் மாத்திரம் எடுக்கிறாள். பால் இருப்பது பட்டையின் உட்புறத்திலே. அதற்கும் கட்டைக்கும் நடுவே நூல் போன்ற உயிர்ப்படலம் ஒன்று உண்டு. கத்தி ஒரு மயிரிழை ஆழம் போனால் அந்தப் படலம் அறுபடும். மரம் புண்ணாகிப் புடைக்கும். புதுப்பட்டை நேராக வளராது. மயிரிழை மேலே நின்றால் பால் வராது. கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுவார். இரண்டுக்கும் நடுவே, இருட்டிலே, அட்டைக்கடியிலே, ஒரு காலைக்குள் நூற்றுக்கணக்கான மரங்களிலே அவள் கை தவறாமல் நிற்கிறது. ஒருநாள் வெட்டினால் மறுநாள் மரத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றும் அவளுக்குத் தெரியும். மரத்தைக் காயப்படுத்தவும் வேண்டும், அது சாகவும் கூடாது என்ற இந்த நுட்பத்தை உலகிலே மிகச் சிலரே கைவரப் பெற்றிருக்கிறார்கள். அகிலும் காயத்திலிருந்து வரும் செல்வமே. காயத்தை அளந்து செய்யத் தெரிந்த நம் சமூகத்துப் பிள்ளை, மரத்தை அடியோடு சாய்க்கும் களவு வேலைக்குப் போவது நம் தாய்மாரின் கைத்திறனுக்கே இழுக்கு அன்றோ?

நிற்க, நாம் கொளுத்தும் குச்சியைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. மூங்கிற்சிம்பு, கரித்தூள், ஒட்டும் தன்மையுள்ள மரப்பட்டைத் தூள் ஆகியவற்றைக் கொண்டு குச்சியை உருட்டிய பின், இரசாயனத்தாற் செய்த வாசனை எண்ணெயில் தோய்த்து எடுப்பதே இன்றைய மலிவான பத்தி. பெங்களூர், மைசூர்ப் பக்கங்களிலே ஏழைப் பெண்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து இவற்றை உருட்டுகிறார்கள். ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கூலி. கிலோக் கணக்கிலே கொழுந்தும் பாலும் கொடுக்கும் நமக்கு அந்தக் கணக்கு விளங்கும். அந்தக் குச்சியின் புகையிலே நுண்ணிய கரித்துகளும் நச்சுவாயுவும் உண்டு என்று மருத்துவ ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கின்றனர். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலே, கதவைச் சாத்திக்கொண்டு, கைக்குழந்தையும் இழுப்பு நோய்க்காரரும் இருக்கும்போது கட்டுக்கட்டாகக் கொளுத்துவது பக்தியாகாது. ஒரு குச்சி போதும். கதவு திறந்திருக்க வேண்டும்.

பழைய முறைகளும் இருக்கின்றன. கோயிலின் திறந்த மண்டபத்திலே தணலில் சாம்பிராணியோ குங்கிலியமோ இடலாம், இரண்டும் மரப்பிசின்களே. நம் காட்டு ஹல் மரம் முதலியவற்றில் கசியும் பிசினைச் சிங்கள மக்கள் 'தும்மல' என்று வழிபாட்டிலே புகைக்கின்றனர். இவற்றுக்காக மரத்தைச் சாய்க்க வேண்டியதில்லை. கசிவதை எடுத்தால் போதும்.

குங்கிலியம் என்றவுடன் திருக்கடவூர்க் குங்கிலியக்கலய நாயனார் உங்கள் நினைவுக்கு வந்திருப்பார். வறுமை வந்து பிள்ளைகள் பசித்திருந்த நாளிலே, மனைவியார் கழற்றிக் கொடுத்த தாலியோடு நெல் வாங்கச் சென்றவர், குங்கிலியப் பொதியைக் கண்டு, தாலியைக் கொடுத்து அதை வாங்கிக் கோயிலில் சேர்த்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்த அம்மையாரின் பசியை நினைக்கும்போது நமக்கு மனம் நடுங்குகிறது. அப்படிச் செய்யுங்கள் என்று இன்றைய குடும்பத்தாருக்கு நாம் சொல்லமாட்டோம். ஆனால் அவர் கொடுத்தது தமக்கு உரியதை. பிறர் பொருளையன்று, காட்டுப் பொருளையுமன்று. பிறர் சொத்தை வெட்டி வந்த கட்டையால் மூட்டிய தூபத்தை எந்தத் தெய்வமும் ஏற்காது என்பது நமது துணிபு.

ஆகவே எமது சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். முதலாவது, வனத் திணைக்களத்தினரை அழைத்து, வல்லப்பட்டையை இளைஞர்கள் கண்ணால் கண்டு அறியும்படி செய்ய வேண்டும். கைது என்ற தலைப்பின் கீழ் மட்டும் நாம் அந்த மரத்தின் பெயரை வாசிப்பது போதாது. இரண்டாவது, உரிய அனுமதியோடு சில கன்றுகள் பெற்று, நமது கோயில் வளவிலே நட வேண்டும். சந்தனம் இந்த மழைப் பிரதேசத்துக்கு அவ்வளவாக ஏற்காது. வல்லப்பட்டைக்கு இது தாய்நிலம். அக்கன்றுகளின் அருகே தமிழிலும் சிங்களத்திலும் பெயர்ப்பலகை வைப்போம். அயற்கிராமத்துச் சிங்கள இளைஞர்களையும் நடுகைக்கு அழைப்போம். மரத்தின் பெயரை நமக்குத் தந்தவர்கள் அவர்களே. மூன்றாவது, காட்டு வேலை என்று யாராவது வந்து கூப்பிட்டால், இளைஞர்கள் அதைச் சங்கத்திலே வந்து சொல்ல வேண்டும். சொல்லுகிறவனை யாரும் ஏசக்கூடாது. வருமானம் இன்றித் தவிப்பவனுக்கு வேறு வேலை தேடிக் கொடுப்பது பெரியோர்களின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏற்காமல் இளைஞரைக் கண்டிப்பதிலே பயனில்லை.

கோயிலில் நடப்போகும் கன்றிலிருந்து நமக்குப் பணம் வரப்போவதில்லை. அதை யாரும் வெட்டப்போவதும் இல்லை. பூக்கும், காய்க்கும், விதை விழும். அந்த விதையிலிருந்து முளைக்கும் கன்றை, தனக்கென்று நிலம் பெற்ற ஒரு பேரப்பிள்ளை தன் வளவிலே கொண்டுபோய் நடுவான் என்று நம்புகிறோம். அன்று அவன் கையிலே ஊதுபத்தி இருந்தால், அதன் பெயருக்குப் பொருள் கேட்கும் பிள்ளைக்கு மரத்தைக் காட்டி விளக்க அவனால் முடியும்.